அளவையே வாழ்வாக: ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்

தண்ணீர் ஒன்றே. ஆயினும் அதன் தன் வெப்ப ஏற்புத்திறனைக் கூறப் புகும் நூல்கள் பலவாறு கூறுகின்றன. பழைய இயற்பியல் நூலைப் புரட்டினால் 1 என்றிருக்கிறது. இன்றைய பாடநூலில் 4186 என்றிருக்கிறது. மற்றொன்றில் 4.186 என்றிருக்கிறது. பவுண்டும் பாரன்ஹீட்டும் கொண்டு எழுதப்பட்ட ஆங்கிலப் பொறியியல் கையேட்டிலோ மீண்டும் 1 என்றே காண்கிறோம். இவற்றுள் எது மெய் என்று கேட்டால், அனைத்தும் மெய்யே என்பதுதான் விடை.

இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர், தமிழ் வகுப்பு முடிந்த பின்னும் கணக்குத் தாளுடன் அமர்ந்திருந்ததை ஒருநாள் கண்டோம். கலோரியில் இருந்ததை 4.2 ஆல் பெருக்கி ஜூலாக எழுதிக்கொண்டிருந்தார். ஏன் 4.2 என்று கேட்டோம். அப்படித்தான் பெருக்க வேண்டும் என்றார் அவர். நமக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. அந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

தமிழ்த்துறை மலரில் இயற்பியலார் ஒருவரின் வரலாறு எதற்கு எனப் பெரியோர் சிலர் வினவலாம். சொல்லுக்குப் பொருள் தேடுவது தமிழாசிரியர் தொழில். ஜூல் என்பதும் இன்று ஒரு சொல்லாகிவிட்டது. அதன் பொருளைத் தேடிச் சென்றால் அகராதிக்குள் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் வாழ்வை அறிந்தால் 4.2 என்னும் எண்ணின் வரலாறும் விளங்கும்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை ஒட்டி அமைந்த ஊர் சால்ஃபோர்டு. அவ்வூரில் 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் ஜூல். அன்னையார் ஆலிஸ் பிரெஸ்காட். பாட்டனார் காலந்தொட்டுப் பீர் வடிக்கும் ஆலை நடத்திச் செல்வம் சேர்த்த குடும்பம் அது. குழந்தைப் பருவத்திலேயே முதுகெலும்பு நலிந்து உடல் மெலிந்திருந்தமையால் ஜேம்ஸ் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. ஆசிரியர்கள் இல்லத்திற்கு வந்து கற்பித்தனர்.

1834-ஆம் ஆண்டையொட்டி அவரும் தமையனாரும் ஜான் டால்டனிடம் மாணவராயினர். அணுக்கொள்கையால் உலகப் புகழ் பெற்றிருந்த டால்டன், மான்செஸ்டர் இலக்கிய தத்துவக் கழகத்தின் இல்லத்தில் சிறுவர்களுக்குக் கணக்குக் கற்பித்துவந்தார். எண் கணிதமும் வடிவ கணிதமும் முடித்து வேதியியலைத் தொடங்கிய வேளையில், 1837-இல் டால்டன் பக்கவாதத்தால் தாக்குண்டார், கல்வியும் நின்றது. காலம் குறுகியதேனும் எதனையும் அளந்து பார்த்தே நம்பவேண்டும் என்னும் பாடத்தை மாணவர் மறக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் வாயிலில் ஜூல் மாணவராக ஒருநாளும் நுழைந்ததில்லை. பட்டம் யாவும் பிற்காலத்தில் மதிப்பின் பொருட்டு அளிக்கப்பட்டவையே.

மகனின் ஆர்வம் கண்ட தந்தையார் இல்லத்திலேயே ஆய்வறை அமைத்துக் கொடுத்தார். பகலில் ஆலைப் பணி, எஞ்சிய பொழுதில் ஆய்வு எனப் பல ஆண்டுகள் கழிந்தன. வடிப்பாலையில் வெப்பநிலை சற்றே பிறழ்ந்தாலும் சரக்குக் கெடும். ஆகவே வெப்பமானியை நுணுகிப் பார்க்கும் பழக்கம் அவருக்குத் தொழில்வழியே வாய்த்தது. பின்னாளில் அறிஞர் அவையினர் நம்ப மறுத்த நுண்ணளவுகளை அவர் உறுதியுடன் கூற முடிந்ததற்கு இப்பழக்கமும் ஒரு காரணம் எனலாம்.

அக்கால அறிஞர் கொண்ட கொள்கை

ஜூலின் அருமையை உணர, அவர்க்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த ஜோசப் பிளாக், 1760-ஆம் ஆண்டையொட்டி வெப்பமும் வெப்பநிலையும் வெவ்வேறு எனத் தெளிவுபடுத்தினார். ஒரே எடையுள்ள நீரையும் பாதரசத்தையும் ஒரே பாகை உயர்த்த ஒரே அளவு வெப்பம் போதாது. பாதரசத்திற்குத் தேவையானதைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு வெப்பம் நீருக்கு வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை ஏற்கும் திறன் தனித்தன்மையுடையது என்னும் இக்கருத்தே தன் வெப்ப ஏற்புத்திறன் எனப் பெயர்பெற்றது.

நீரின் திறனை 1 என வைத்துக்கொண்டு பிற பொருள்களை அதனோடு ஒப்பிட்டனர். செம்பு 0.092, பாதரசம் 0.033. ஒரு கிராம் நீரை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தும் வெப்பம் ஒரு கலோரி. ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்த்தும் வெப்பம் ஒரு பிரிட்டிஷ் வெப்ப அலகு. இரண்டிற்கும் அளவுகோல் நீரே ஆதலால் இரண்டிலும் நீர் 1. செம்பும் இரண்டிலும் 0.092. இவ்விரு முறைகளுக்கிடையே எண்ணை மாற்றவே தேவையில்லை. இது மாணவர் பலர் அறியாத எளிய உண்மை.

ஆனால் வெப்பம் என்பது யாது? கலோரிக் எனப்பட்ட எடையற்ற பாய்பொருளே வெப்பம் என்றும், அது ஆக்கவும் அழிக்கவும் இயலாதது என்றும் அறிஞர் பலர் கருதினர். பவேரிய நாட்டில் பீரங்கிக் குழல்களைத் துளையிடும்போது ஓயாமல் வெப்பம் எழுவதைக் கண்ட ரம்ஃபோர்டு பிரபு, 1798-இல் இக்கொள்கையை மறுத்தார். எனினும் பழங்கொள்கை எளிதில் மறையவில்லை. வெப்பத்தைக் கலோரியால் அளந்தனர். வேலையை, பளு உயர்ந்த உயரத்தால் அளந்தனர். இவ்விரு அளவைகளுக்கிடையே பாலம் இல்லை. பாலம் வேண்டும் என்ற எண்ணமும் பெரும்பாலோர்க்கு இல்லை.

துத்தநாகம் கற்பித்த பாடம்

ஜூல் தொடங்கியது வேறிடத்தில். ஆலையின் நீராவிப் பொறிக்கு மாற்றாக மின் மோட்டாரைப் பயன்படுத்தலாம் என்று இளமையில் கனவு கண்டார். 1838-இல், பத்தொன்பதாம் வயதில், அதுபற்றி முதற்கட்டுரை வெளியிட்டார். செலவைக் கணக்கிட்டபோது கனவு கலைந்தது. மின்கலத்தில் கரையும் ஒரு பவுண்டு துத்தநாகம் தரும் வேலையைப் போல ஐந்து மடங்கு வேலையை ஒரு பவுண்டு நிலக்கரி நீராவிப் பொறியில் தந்தது. துத்தநாகமோ நிலக்கரியினும் பன்மடங்கு விலையுடையது. தம் கனவு பொய்த்ததை 1841-இல் அவரே மறையாமல் அறிவித்தார்.

வணிகக் கணக்காகத் தொடங்கிய அது அறிவியல் கணக்காக வளர்ந்தது. கம்பியில் மின்னோட்டம் எழுப்பும் வெப்பம், மின்தடைக்கும் மின்னோட்டத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமையும் என்பதை 1840-இல் கண்டார். இன்று ஜூல் விதி எனக் கற்பிக்கப்படுவது இதுவே. இவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது? மின்கலத்தில் மறைந்திருந்த வெப்பம் இடம் பெயர்கிறதா, அன்றிப் புதிதாகப் பிறக்கிறதா? மின்கலமே இல்லாமல், காந்த முனைகளுக்கிடையே மின்காந்தம் ஒன்றைச் சுழற்றி மின்னோட்டம் உண்டாக்கினார். அப்போதும் வெப்பம் எழுந்தது. இடம் பெயர்ந்து வர அங்கே வேறு வெப்பம் இல்லை. சுழற்றிய வேலையே வெப்பமாகியிருக்க வேண்டும். அங்ஙனமாயின் எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம்? அவர் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்ட வினா இது.

அவையோரின் மௌனம்

1843-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள், அயர்லாந்தின் கார்க் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் கழக மாநாட்டில் தம் விடையை வெளியிட்டார். ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்த்தும் வெப்பம், 838 பவுண்டுப் பளுவை ஓர் அடி உயர்த்தும் வேலைக்குச் சமம் என்றார். பவுண்டினை நம் முன்னோர் இராத்தல் என்பர். 838 என்பது 587 முதல் 1040 வரை சிதறிக் கிடந்த அளவீடுகளின் சராசரி. சிதறலையும் அவர் ஒளிக்கவில்லை. ஒவ்வொன்றையும் பதிவு செய்தார். அவையோர் மௌனமாகக் கேட்டுக் கலைந்தனர்.

மெல்லிய துளைகள் வழியே நீரை அழுத்திச் செலுத்தியபோது 770 கிடைத்தது. காற்றை அழுத்தி ஆராய்ந்தபோது 798 கிடைத்தது. இவ்வாய்வைக் கூறும் கட்டுரையை 1844-இல் இராயல் கழகத்திற்கு அனுப்பினார். கழகம் அதனை முழுமையாக வெளியிட மறுத்தது. வேறோர் இதழில் 1845-இல் வெளிவந்தது. அவ்வாண்டே கேம்பிரிட்ஜ் மாநாட்டில், நீரைத் துடுப்புகளால் கலக்கிப் பெற்ற 890 என்னும் எண்ணை அறிவித்தார். எண்கள் ஒன்றோடொன்று ஒத்து நிற்கவில்லை. எனினும் காந்தத்தால் பெற்றாலும், குழாயால் பெற்றாலும், காற்றால் பெற்றாலும், துடுப்பால் பெற்றாலும் அவை ஒரே வட்டாரத்தில் நின்றன. கருவி மாறினும் விடை பெரிதும் மாறவில்லை என்பதே அவர்க்குத் துணிவளித்தது.

1847 ஏப்ரலில், மான்செஸ்டரின் தூய அன்னாள் தேவாலயப் படிப்பகத்தில், பொதுமக்கள் முன் ஆற்றலின் அழியாமை பற்றிச் சொற்பொழிவாற்றினார். நாளிதழ் ஒன்று அதனை வெளியிட மறுக்க, தமையனார் இசைத் திறனாய்வு எழுதிவந்த மற்றோர் இதழ் முழுமையாக வெளியிட்டது. இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் ஒரு பேருண்மை, தமையனின் பரிவால் உள்ளூர்ச் செய்தித்தாளில் அச்சேறிற்று.

ஒரு நண்பர் கிடைத்தார்

அதே ஆண்டு ஜூன் திங்களில் ஆக்ஸ்போர்டில் மாநாடு கூடியது. நேரம் போதாது என்று கூறி, கட்டுரையைப் படிக்காமல் சுருங்கப் பேசுமாறு அவைத்தலைவர் ஜூலைப் பணித்தார். வழக்கம்போல் மௌனத்தில் முடிந்திருக்க வேண்டிய அவ்வுரையை ஓர் இளைஞர் கூர்ந்து கேட்டார். இருபத்து மூன்றாம் வயதை எட்டியிருந்த கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன் அவர். ஜூலின் கருத்தை அவரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. வெப்பம் அழியாமலே வேலை செய்கிறது என்னும் பிரெஞ்சு அறிஞர் கார்னோவின் கருத்தில் அவர் மனம் ஊன்றியிருந்தது. ஆயினும் ஜூலின் அளவீடுகளைத் தள்ளவும் அவரால் இயலவில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் ஐயுற்றுத் தெளிந்தபின் இருவரும் கூடி ஆய்வு செய்தனர். விரிவடையும் வளிமம் குளிர்வதைக் கூறும் ஜூல்–தாம்சன் விளைவு அவ்வாறு பிறந்தது.

1847 ஆகஸ்டில் ஜூல் அமீலியா கிரைம்ஸ் என்னும் நங்கையை மணந்தார். மணமக்கள் ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்குச் சென்றிருந்தபோது, தற்செயலாக அவ்வழி வந்த தாம்சன் ஜூலை நீண்ட வெப்பமானியுடன் கண்டதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அருவியின் உச்சியிலும் அடியிலும் நீரின் வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்க்க முயன்றாராம் புதுமணவாளர்! நீர் திவலைகளாகச் சிதறியதால் முயற்சி கைகூடவில்லை. நகைப்புக்குரிய செய்திபோல் தோன்றினும் அதன் உட்பொருள் பெரிது. அதனை அடுத்துக் காண்போம்.

துடுப்புச் சக்கரமும் 772-உம்

ஜூலின் புகழ்பெற்ற சோதனை 1849-இல் நிறைவுற்றது. செம்புக் கலத்தில் நீர்; நீருள் பித்தளைத் துடுப்புச் சக்கரம்; சக்கரத்தோடு கயிறுகளால் இணைந்த இரண்டு ஈயப் பளுக்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 29 பவுண்டு எடை. பளுக்கள் ஐந்தடிக்குச் சற்று மிகுதியாக இறங்கும்போது சக்கரம் சுழன்று நீரைக் கலக்கும். மீண்டும் பளுவை ஏற்றி மீண்டும் இறக்குவார். இருபது முறை இறக்கியபின் நீரின் வெப்பநிலை உயர்ந்தது அரைப் பாரன்ஹீட் பாகைக்குச் சற்றே மிகுதி! அவ்வளவுதான். இவ்வாறு நாற்பது தடவை சோதித்தார். மான்செஸ்டர் கருவி வினைஞர் ஜான் டான்சர் செய்தளித்த வெப்பமானிகளில் ஒரு பாகையின் இருநூற்றில் ஒரு பங்கினையும் கண்ணால் மதிப்பிடப் பழகியிருந்தார்.

இங்கேதான் தன் வெப்ப ஏற்புத்திறன் வருகிறது. சூடாவது நீர் மட்டுமன்று. செம்புக் கலமும் பித்தளைத் துடுப்பும் உடன் சூடாகின்றன. அவை கொண்ட வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பத்துப் பவுண்டுச் செம்பு 0.92 பவுண்டு நீருக்கு ஒப்பாகும். இங்ஙனம் ஒவ்வோர் உறுப்பையும் நீராக மாற்றிக் கணக்கிட்டார். காற்றுக்குச் சென்ற வெப்பம், கயிற்றின் விறைப்பு, தரையைத் தொடும்போது பளுவில் எஞ்சிய வேகம் ஆகியவற்றையும் கழித்தார். நீருக்குப் பதிலாகப் பாதரசம் கொண்டும், வார்ப்பிரும்புத் தட்டுகளை உராயச் செய்தும் சோதித்தார். அவை 774, 775 என்னும் எண்களை ஒட்டி நின்றன. முடிவாக அவர் தேர்ந்த எண் 772.

இக்கட்டுரையை மைக்கேல் ஃபாரடே இராயல் கழகத்தில் முன்வைத்தார், 1850-இல் வெளிவந்தது. உராய்வு என்பதே வேலை வெப்பமாக மாறுதல்தான் என்னும் முடிபும் மூலக் கட்டுரையில் இருந்தது. மதிப்பீட்டுக் குழுவின் விருப்பப்படி அது நீக்கப்பட்டது. எண்ணை ஏற்றுக்கொண்டவர்கள், அந்த எண் சொல்லும் பொருளை ஏற்கத் தயங்கினர். எனினும் அவ்வாண்டே கழகம் அவரை உறுப்பினராக்கிக் கொண்டது.

எண்ணின் உள்ளே

இனி மாணவர் தாளில் இருந்த பெருக்கலுக்கு வருவோம். ஜூலின் கூற்றில் ஒரு பவுண்டு நீர் ஒருபுறம். 772 பவுண்டு ஓர் அடி உயர்தல் மறுபுறம். இதனையே ஒரு பவுண்டு 772 அடி உயர்தல் என்றும் கூறலாம். இருபுறமும் ஒரு பவுண்டே நிற்பதால் அது நீங்கிவிடும். எஞ்சுவது ஓர் உயரம். 772 அடி உயரத்திலிருந்து விழும் நீர், தன் ஆற்றல் முழுவதும் வெப்பமாகத் தன்னிடமே தங்கினால், ஒரு பாரன்ஹீட் பாகை சூடேறும். அருவியடியில் வெப்பமானியுடன் அவர் நின்றதன் பொருள் இதுவே.

அடியை மீட்டராக்க 0.3048 ஆல் பெருக்குக: 235.3 மீட்டர். ஒரு செல்சியஸ் பாகை 1.8 பாரன்ஹீட் பாகைக்குச் சமம் ஆதலால் 1.8 ஆல் பெருக்குக: 423.6 மீட்டர். ஒரு கிலோகிராமை ஒரு மீட்டர் உயர்த்தப் புவியீர்ப்பு கேட்கும் ஆற்றல் 9.81 ஜூல். அதனாலும் பெருக்கினால் 4155 வருகிறது. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை உயர்த்த வேண்டிய ஆற்றல் 4155 ஜூல் என்பதே ஜூலின் விடை. இன்று நாம் கொள்ளும் மதிப்பு 4186. வேறுபாடு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு!

செம்பின் 0.092 என்பதை 4186 ஆல் பெருக்கினால் ஒரு கிலோகிராமுக்கு ஒரு கெல்வினுக்கு 385 ஜூல். மாணவர் இங்கே இரண்டிடத்தில் இடறுவர். செல்சியசிலிருந்து கெல்வினுக்கு மாறும்போது 273 கூட்டுவர். பாரன்ஹீட்டிலிருந்து மாறும்போது 32 கழிப்பர். இரண்டும் பிழை. தன் வெப்ப ஏற்புத்திறனில் வருவது வெப்பநிலை அன்று, வெப்பநிலையின் உயர்வு. ஒரு செல்சியஸ் பாகை உயர்வும் ஒரு கெல்வின் உயர்வும் ஒன்றே. ஆகவே கூட்டலும் கழித்தலும் இங்கில்லை.

அடியை மீட்டராக்குவது பெயர் மாற்றம். கலோரியை ஜூலாக்குவது அத்தகையதன்று. வெப்பமும் வேலையும் ஒரே ஆற்றலின் இரு வடிவங்கள் என்னும் உண்மை அப்பெருக்கலுக்குள் இருக்கிறது. அவ்வுண்மை இல்லையேல் பெருக்கலும் இல்லை. அதனை நிலைநாட்ட ஒரு மனிதரின் இளமை செலவாயிற்று.

முன்னுரிமைப் பூசல்

இப்பெருமை ஜூலுக்கே உரியதா என்ற வழக்கும் எழுந்தது. ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் ராபர்ட் மேயர், 1840-இல் கப்பல் மருத்துவராக ஜாவா சென்றபோது, வெப்ப நாட்டில் மாலுமிகளின் சிரைக் குருதி மிகச் சிவந்திருப்பதைக் கண்டு சிந்திக்கலானார். வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறும் என்னும் கருத்தை 1842-இலேயே வெளியிட்டு, காற்றின் தன் வெப்பங்களைக் கொண்டு மாற்று எண்ணையும் கணித்திருந்தார். உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. துயரால் அவர் மனம் நைந்தார். பிற்காலத்தில் ஆங்கில அறிஞரே இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடினர். கருத்தை முதலில் அச்சிட்டவர் மேயர். சோதனையால் மெய்ப்பித்தவர் ஜூல் என்பதே நடுநிலையான தீர்ப்பு. இராயல் கழகம் தன் உயரிய காப்லி பதக்கத்தை 1870-இல் ஜூலுக்கும் அடுத்த ஆண்டு மேயருக்கும் அளித்தது.

துயரும் தொடர்ந்த உழைப்பும்

1854-ஆம் ஆண்டு ஜூலின் வாழ்வில் இருள் சூழ்ந்தது. பிறந்த ஆண் குழந்தை இறந்தது. மனைவி அமீலியாவும் மறைந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் எஞ்சினர். ஜூல் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவ்வாண்டே குடும்பத்தின் ஆலையும் விற்கப்பட்டது. அவர் மேலும் ஒதுங்கி வாழலானார். ஆனால் அளப்பதை நிறுத்தவில்லை.

மின் அலகுகளைத் தரப்படுத்த அமைந்த பிரிட்டிஷ் கழகக் குழுவின் வேண்டுகோளுக்கிணங்க, மின்னோட்டம் எழுப்பும் வெப்பத்தைக் கொண்டு 1867-இல் மீண்டும் அளந்தார். 783-ஐ ஒட்டிய எண் வந்தது. 772 எங்கே, 783 எங்கே? பிழை துடுப்புச் சக்கரத்திலா, குழு வகுத்த மின்தடை அலகிலா? அறுபதை நெருங்கிய வயதில், நலிந்த உடலோடு, துடுப்புச் சக்கரச் சோதனையை முதலிலிருந்து செய்தார். 1878-இல் வெளிவந்த விடை 772.55. குழுவின் மின்தடை அலகே நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் குறைந்திருந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பழைய எண்ணைப் பிடிவாதமாகக் காக்காமல், மீண்டும் அளந்து பார்த்தே அவர் அதனை உறுதிசெய்தார்.

ஆயினும் 772.55 இறுதிச் சொல் ஆகவில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்றி ரோலண்டு, 1879-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெரிய பொறியொன்றால் நீரைக் கலக்கி மிக நுட்பமாக அளந்தார். இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. பாதரச வெப்பமானியின் பாகைகளைக் காற்று வெப்பமானியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்பது ஒன்று. நீரின் தன் வெப்ப ஏற்புத்திறனே எல்லா வெப்பநிலையிலும் ஒன்றன்று. 30 செல்சியஸ் பாகையை ஒட்டிக் குறைந்து மீண்டும் கூடுகிறது என்பது மற்றொன்று. இருவர் வெப்பமானிகளும் ஒப்பிடப்பட்டன. ஜூல் அதற்குத் துணைநின்றார். திருத்திப் பார்த்தபோது இருவர் எண்களும் நெருங்கி நின்றன. இன்றைய மதிப்பு 778.

கலோரி ஒன்றாக இல்லாமல் பலவானதன் காரணமும் இதுவே. 15 பாகையில் வரையறுத்த கலோரி ஏறத்தாழ 4.1855 ஜூல், வேதியியலாரின் கலோரி 4.184, பன்னாட்டு அட்டவணைக் கலோரி 4.1868. நீர் என்னும் அளவுகோலே நெளியும்போது அதனைக் கொண்டு அளப்பது எங்ஙனம்? ஆகவே 1948-இல் கூடிய எடை, அளவைகள் பொதுமாநாடு வெப்பத்திற்கும் ஜூலையே அலகாகக் கொண்டது.

மறைவும் நினைவும்

முதுமையில் ஜூலின் செல்வம் கரைந்தது. 1878-இல் அரசு ஆண்டுக்கு 200 பவுன் ஓய்வூதியம் அளித்தது. 1889-இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஆற்றலின் அலகுக்கு ஜூல் எனப் பெயர் சூட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 11-ஆம் நாள் மான்செஸ்டரை அடுத்த சேல் என்னும் ஊரில் தம் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார். பெயர் அலகாயிற்று, மனிதர் மறைந்தார். மான்செஸ்டர் நகர மன்ற மாளிகையின் வாயிலில், ஆசிரியர் டால்டனின் சிலைக்கு எதிரே மாணவர் ஜூலின் சிலை இன்றும் அமர்ந்திருக்கிறது.

அவர் நண்பர் தாம்சன் பின்னாளில் கெல்வின் பிரபு ஆனார். வெப்பநிலையின் அலகு அவர் பெயர் பெற்றது. தன் வெப்ப ஏற்புத்திறனின் இன்றைய அலகு, ஒரு கிலோகிராமுக்கு ஒரு கெல்வினுக்கு இத்தனை ஜூல் என்பது. மேலே ஜூல்; கீழே கெல்வின். ஆக்ஸ்போர்டில், நேரம் போதாதென்று சுருக்கப்பட்ட ஓர் உரையின்போது சந்தித்த இருவர், ஒரே அலகில் பிரியாமல் நிற்கின்றனர்.

சேல் ஊரின் இடுகாட்டில் ஜூலின் கல்லறைமேல், விவிலிய வரியொன்றோடு 772.55 என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளது. அது இன்றைய கணக்கின்படி சரியான எண் அன்று. எனினும் அதனை யாரும் திருத்தப் போவதில்லை, திருத்தவும் வேண்டா. ஒரு மனிதர் தம்மிடமிருந்த கருவிகொண்டு எவ்வளவு நேர்மையாக அளக்க முடியுமோ அவ்வளவு நேர்மையாக அளந்ததற்கு அது சான்று. அவர் வெளியிட்ட முறையாலேயே பின்வந்தோர் அதனைத் திருத்த முடிந்தது. தம் சிதறலை மறைத்திருந்தால், வெப்பமானியைப் பிறர் அளவோடு ஒப்பிட மறுத்திருந்தால், 778 நமக்கு எளிதில் கிட்டியிராது.

மாணவச் செல்வங்கள் இனி 4.2 ஆல் பெருக்கும்போது ஒரு கணம் நின்று அவரை நினைக்கட்டும். தாளில் வரும் விடை சரியா என்று பார்ப்பதோடு, அது ஏன் சரி என்றும் கேட்கட்டும். நாம் அறியாததை அம்மாணவர் முன் ஒப்புக்கொண்ட நாளில் நமக்கு எழுந்த நாணம் இன்று இல்லை. அறியத் தூண்டிய அவருக்கு நன்றியே உண்டு.